எந்த மாடிக்கு எந்த மரம்

வீடு போய்விட்டது.
அடுத்த கட்டடத்தின் பக்கச்சுவரில்
அதன் அறைகள் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன:
மூன்றாம் மாடியில் மஞ்சள் பூப்போட்ட சுவர்த்தாள்,
இரண்டாவதில் அந்தரத்தில் ஒரு கணப்படுப்பு.
கீழே, இப்போது, எங்கள் மண்.

கிளாஸ்கோவில் மார்ச் மாதம்.
மழை பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை.
நின்றால்தான் செய்தி.

பதினோரு கன்றுகள்
வேரைச் சாக்கில் பொதிந்து வண்டியில் வந்திறங்கின.
நுஸ்ரத் வரைபடத்தை விரித்தாள்:
வெயில் எங்கே, குழாய் எங்கே, பாதை எங்கே.
காகிதம் நனைந்து கையோடு வந்தது.

செங்கா அதைப் பார்க்கவேயில்லை.
பிர்ச் கன்றைத் தோளில் சாய்த்தபடி
சுவரடிக்குப் போய், அண்ணாந்து,
ஓரடி இடது, அரையடி பின்னால்,
"இங்கே. என் சமையலறை ஜன்னல் இதற்கு நேர் மேலே.
மூன்று மாடி ஏறுமா இது?"
ஏறும், இருபது வருடம் ஆகும் என்றேன்.
"கூரை ஒழுகுதென்று எழுதிப்போட்டுவிட்டு
நான் காத்திருந்ததும் அவ்வளவுதான்."

அதற்கப்புறம் வரைபடம் செல்லாக்காசு.
இரண்டாம் மாடி லாக்லன் ரோவன் மரம் கேட்டான்,
குளியலறைக்கு வேண்டாம், படுக்கையறைக்கு.
முதல் மாடிக்கு இரண்டு ஆப்பிள்;
அந்த அக்காவும் தங்கையும் இன்னும் பேசிக்கொள்வதில்லை,
பத்தடி இடைவெளி விட்டு நட்டோம்.
தரைத்தளத்து டேவினாவுக்கு ஒரு கூஸ்பெரிப் புதர்.
"எப்போதும்போல, எல்லார் காலடிச் சத்தமும் எனக்கு" என்றாள்.

மண் லேசில் விடவில்லை.
கடப்பாரை இறங்கிய இடமெல்லாம் கல்,
உடைந்த நீல ஓடு, ஒரு கதவுக் கைப்பிடி,
பிறகு ஒரு படி.
அதன் கீழே இன்னொரு படி,
நடுவில் தேய்ந்து குழிந்தது.
நிலவறைக்குப் போன வழி என்றான் லாக்லன்.
பெயர்த்தெடுக்கணும், வேருக்கு ஆழம் போதாது என்றாள் நுஸ்ரத்.
நாலு பேர் நெம்பினோம். அசையவில்லை.
பேரிக் கன்றை அந்தப் படிமேலேயே நிறுத்தி மண்ணைத் தள்ளினோம்.
வேர் பார்த்துக்கொள்ளும்.
இறங்கத் தெரியாதா அதற்கு?

நான்காம் மாடிக்கென்று யாரும் வரவில்லை.
ஒரு கன்று மிஞ்சியது,
பெயர்ச்சீட்டில் மை கரைந்து ஓடியிருந்தது.
நான் இந்தத் தெருவுக்கு வந்ததே போன நவம்பரில்;
இடித்த கட்டடத்தில் எனக்கு ஒரு ஜன்னலும் கிடையாது.
செங்கா மண்வெட்டியை என் பக்கம் நீட்டினாள்.

என்ன மரமென்று தெரியாது.
அவ்வளவு உயரம் போகுமா, தெரியாது.
அண்ணாந்து பார்த்தேன்.
அங்கே ஒரு ஆணி,
அதன் கீழே
எதையோ மாட்டி மறைத்திருந்த, வெளுக்காத சதுரம்.

அதற்கு நேர் கீழே வெட்டினேன்.