உட்கார்ந்து வந்தவள்

நடப்பதற்காக
நான்கு மணி நேரம் உட்கார்ந்து வருகிறேன்.
லார்கினில் மூன்று மணிக்கென்று சொன்ன பஸ்
மூன்றே முக்காலுக்குத்தான் உறுமியது.
காலடியில் பை, பைக்குள் மகளின் சப்பாத்து.
அரை அளவு பெரிது,
முனையில் பஞ்சு அடைத்திருக்கிறேன்.
மடியில் மைலோ டின்.
சில்லறை குலுங்குகிறதாம்,
முன்சீட்டுக்காரர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார்.

கையுறைத் தொழிற்சாலையில்
மூன்றாம் லைன் முழுக்கக் கேட்டேன்.
கிலோமீட்டருக்கு ஐம்பது சென் என்று
பெயர் எழுதிக் கையெழுத்தும் போட்டாள் காக் ரொஹானா.
நேப்பாளத்துப் பிஷ்ணு
ஊருக்கு அனுப்பியது போக மீந்த பத்து வெள்ளியை
நாலாய் மடித்துக் கொடுத்துவிட்டு
"வழியில் மலை இருக்கா அக்கா?" என்றான்.
புக்கிட் புத்துஸ் என்றேன், உயரமும் சொன்னேன்.
மரியாதைக்காகச் சிரிக்காமல் நின்றான்.
சூப்பர்வைசர் லிங்கேஸ் மட்டும்
"முடிச்சிட்டு வாங்க, அப்புறம் தர்றேன்."
அவனுக்காகவாவது முடிக்க வேண்டும்.

மூன்று நாள். பகாவிலிருந்து சிரம்பான் வரை.
சேரும் காசில் ஓர் இயந்திரம் வாங்குவார்கள்,
ரத்தம் கழுவுகிற இயந்திரம்.

"போகவர பஸ்ஸுக்கு எழுபது வெள்ளி,
அதை நேரா அவங்ககிட்ட கொடுத்தா என்ன?"
தம்பி குணாளன் கேட்டான்.
"நீ நடந்தா என் ரத்தம் சுத்தமாகுமா?"
நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன்.
கழுவிய மீனையே மறுபடியும் கழுவினேன்.

அவனுடைய இடது கையில்
ரத்தக்குழாய்களைச் சேர்த்துத் தைத்த இடம்
தொட்டால் அதிரும்,
தோலுக்குள் தேனீயை அடைத்ததுபோல.
மகள் சின்னவளாக இருந்தபோது
காதை வைத்துக் கேட்பாள்:
"மாமா, உள்ள யாரு?"
வாடகைக்கு இருக்காங்க என்பான்.

சிகாமட்டில் மழை.
கிம்மாஸ் தாண்டியதும் செம்பனை, செம்பனை.
ஜன்னலோரம் ஒவ்வொரு வரிசையும்
ஒரு கணம் திறந்து மூடிக்கொள்கிறது.
எண்ணத் தொடங்கி
முப்பதிலோ நாற்பதிலோ தூங்கிப்போனேன்.

எண்ணெய் ஆலையின் புளித்த நெடிதான் எழுப்பியது.
பகாவ்.
ஈரத் தார் மேல் கடை விளக்குகள்,
பாதி ஷட்டர் இறக்கிய சீனன் கடையில் ஒரு கோப்பி ஓ,
குலை ஏற்றிய லோரி போனதும்
மேசையில் கோப்பை நடுங்கியது.

தமிழ்ப்பள்ளியில் பதிவு.
எண் நூற்றுப் பதினேழு,
நாலு பின் ஊசி என்றார்கள், மூன்றுதான் இருந்தது.
தாளில் ஒரு கட்டம்: நடப்பதன் காரணம்.
தீப்பெட்டி அகலம்கூட இல்லை.
எனக்கு முன்னால் நின்ற அடைக்கலம் லோரி ஓட்டுகிறவர்,
இருபத்திரண்டு வருஷமாக இதே ரோட்டில்.
"ரோட்டோட ஓரம் எப்படி இருக்கும்னு பார்த்ததே இல்லம்மா"
என்றவர்
அதையே எழுதினார், கட்டத்துக்கு வெளியே வழிய வழிய.
நான், வழியில் சொல்கிறேன் என்று எழுதினேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பறையில் பாய் விரித்தார்கள்.
தலைமாட்டில் ஆறாம் வாய்ப்பாடு.
படுத்த பிறகும் பஸ் இறங்கவில்லை,
தொடையில், கெண்டைக்காலில்
அதிர்ந்துகொண்டே இருந்தது.
கை வைத்துப் பார்த்தேன்.
எனக்குத் தெரிந்த அதிர்வு.

நான்கு மணி நேரம்.
அவனும் அங்கே அவ்வளவுதான் உட்காருகிறான்,
வாரம் மூன்று தரம், ஆறு வருஷமாக.
எழுந்து நிற்கும்போது கால் எப்படி இருக்கும் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

வந்து சேர்ந்தேன் என்று தட்டினேன்.
"காலையில எத்தனை மணிக்கு?"
ஐந்தரை.
வெகுநேரம் எழுதுவதாகக் காட்டிய பிறகு
ஒரே ஒரு சொல் வந்தது:
"எனக்கும்."

விளக்கை அணைத்துவிட்டார்கள்.
இன்னும் ஒரு பின் ஊசி வேண்டும்,
யாரிடமாவது கேட்க வேண்டும்.