மோட்டாருக்கு ஒரு ஜெபம்

செல்லூரில் எங்கள் தெருவுக்கு
நான்கு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
விடிகாலை நாலரைக்குக் குழாய் முதலில் இருமும்,
பிறகு காற்று, பிறகு துரு,
பிறகு சுண்டுவிரல் தடிமனில் தண்ணீர்.
அதற்குள் ஒச்சப்பன் வீட்டு மோட்டார் உறுமும்.
சுண்டுவிரல் நூலாகும்.
நூல் அறும்.

இரவு எட்டரைக்கு எங்கள் வீட்டில் ஜெபம்.
மூன்று பக்கச் சுவரிலும் சீரியல் அழுகை.
பாட்டுப் புத்தகத்தின் தாள் பறக்காமல்
செல்போனைப் பாரம் வைத்துவிட்டுக் கேட்பேன்:
முதல் கற்பனை எது?
அதற்கு ஒப்பான இரண்டாவது எது?
கெசியா விரல் மடக்கிச் சொல்லிவிடுவாள்.
ஜோயல் 'பிறன்' என்ற சொல்லில் தடுக்கி விழுவான்.
'பிறன்னா யாரும்மா?'
பக்கத்துல இருக்கிறவங்க, என்றேன்.
'எவ்வளவு பக்கத்துல?'
நேரமாச்சு, தூங்கு, என்றேன்.

பன்னிரண்டு வருஷமாக ஞாயிறு பள்ளியில்
வழியில் அடிபட்டுக் கிடந்தவனைப்
பச்சைத் துணிப்பலகையில் ஒட்டுகிறேன்.
கழுதைப் படம் தொலைந்துபோனதால்
கிறிஸ்துமஸ் மாட்டின்மேல் ஏற்றிவிடுகிறேன்.
இவன் ஒருவன்தான் கேட்டான்,
அந்த மாமா ஏன் மாட்டுல போறாருன்னு.

ஒரு புதன்கிழமை அவன் முறை.
கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரே மூச்சில்:
'ஆண்டவரே, பரீட்சையில ஞாபகம் தாங்க,
அப்பாவுக்கு ஓவர்டைம் தாங்க,
ஒச்சப்பன் மாமா மோட்டார் புகைஞ்சு போகணும்,
இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம் பிதாவே.'
ஆமென், என்றார் அவன் அப்பா.
ஆமென், என்றேன் நான்.
அடுப்பில் ரசம் இருந்தது.
அது பொங்கி வழிந்த பிறகுதான்
நான் சொன்னது எனக்குக் கேட்டது.

புகைஞ்சு போகணும்
என்பது என் வாய்ச்சொல்.
நிறையாத குடத்தைப் பார்த்து
விடிகாலைதோறும் நான் சொல்வது.
மனப்பாடம் செய் என்று
யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

சனிக்கிழமை மோட்டார் புகைந்தது.
நிஜமாகவே.
தெருவெல்லாம் கருகிய வார்னிஷ் வாடை.
தத்தனேரிக் கடையில் காயில் சுற்ற ஒரு வாரமாகும் என்று
ஒச்சப்பன் போனில் யாரையோ ஏசிக்கொண்டிருந்தார்.
எங்கள் குழாயில் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.
நான் சிரித்தேன். மறைக்கக்கூட இல்லை.

ஜோயல் இட்லியைத் தொடவில்லை.
'நான் கேட்டதக் குடுத்துட்டாரும்மா.'
அழவில்லை, பயந்திருந்தான்.
'திரும்ப எடுத்துக்கச் சொல்லு.
நீயும்தான ஆமென் சொன்ன?'
பழைய மோட்டார்டா, அதுவாப் போச்சு, என்றேன்.
'அப்ப நம்ம கேக்குறது எதுவுமே அவருக்குப் போகாதா?'

இதற்கு என் பாடப்புத்தகத்தில் படம் இல்லை.

ஆளுக்கொரு குடம் தூக்கினோம்,
எனக்கு நீலம், அவனுக்குச் சின்னப் பச்சை.
சீனியம்மா கதவைத் திறந்தாள்.
எட்டு மாதமாகப் பேச்சில்லை.
குடத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.
'அங்கன வைங்க' என்றாள்.
'சாரி அத்தை' என்றான் ஜோயல்.
எதற்கென்று அவளுக்குத் தெரியாது.
நான் இன்றுவரை சொல்லவில்லை.

மோட்டார் திரும்பி வந்துவிட்டது,
புதுக் காயிலோடு முன்னைவிட வேகமாக இழுக்கிறது.
நீலக் குடம் இன்னும் வரவில்லை.

தன் முறை வரும்போது ஜோயல்
ஒச்சப்பன் மாமா பெயரில் கொஞ்சம் நிற்கிறான்.
என்ன கேட்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.
எனக்கும் தெரியவில்லை.
ரசத்தை இறக்கி வைத்துவிட்டுத்தான்
இப்போதெல்லாம் பாயில் உட்காருகிறேன்.
கடைசிவரை கேட்ட பிறகே ஆமென்.
அதுவும் சில இரவுகளில்
நாலரை மணிக் குழாய்போல
முதலில் இருமுகிறது.