மூன்றாம் வகுப்புக்குக் கடல்

மார்ச் இருபத்து மூன்று, கடல் நாள்.
அதற்கு முந்தைய வாரமே
ஒரூரோ கடைகளில் நீலக் காகிதம் தீர்ந்துவிடும்.
பொலிவியாவில், மூவாயிரத்து எழுநூறு மீட்டர் உயரத்தில்,
மூச்சே அளந்து கிடைக்கும் ஊரில்
முப்பத்தொரு பிள்ளைகளுக்கு
நான் கடல் நடத்த வேண்டும்.

நானும் பார்த்ததில்லை.
கரும்பலகையில் அலை வரைந்தேன்,
மலையாக வந்தது.
அழித்து வரைந்தேன்,
இன்னும் பெரிய மலை.

சரி என்று எழுத்துக்குத் தாவினேன்:
'நாம் கடலை இழந்தோம்.'
வாரா கை தூக்கினாள்.
"யார் தொலைச்சது, டீச்சர்?"
போன வாரம் ஸ்வெட்டரைத் தொலைத்துத்
திட்டு வாங்கியவள்.
தொலைத்தவர்தான் தேட வேண்டும்,
அது அவள் வீட்டுச் சட்டம்.

ஆயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்பது, என்றேன்.
எட்டு வயதுக் காதில் அது ஆண்டல்ல, இரைச்சல்.
பாலைவனம், அதில் வெடியுப்பு,
தோண்டிய கம்பெனிக்குப் பின்னால் சிலி நாடு,
குவிண்டாலுக்குப் பத்துக் காசு வரி கேட்டோம்,
கட்ட மாட்டோம் என்றார்கள்,
கப்பல் வந்தது, படை வந்தது, கரை போயிற்று.
"பத்துக் காசா?" என்றாள் வாரா.
பத்துக் காசுதான், என்றேன்.
அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

பிறகு, பாலத்தருகே
சரணடைய மறுத்தவரின் கதை.
அவர் சொன்னதாகச் சொல்லப்படும் பதிலின் கடைசிச் சொல்
கெட்ட வார்த்தை.
பாடப்புத்தகம் அங்கே மூன்று புள்ளி வைத்திருக்கிறது.
நான் இருமினேன்.
முப்பத்தொரு வாயும் ஒரே குரலில்
புள்ளிகளை நிரப்பின.
பக்கத்து அறையில் பெருக்கல் வாய்ப்பாடு
ஏழெட்டில் நின்றது.

லதிஸ்லாவோவின் அப்பா கொய்பாசாவில் உப்பு வெட்டுகிறவர்.
"உப்பு இங்கயே இருக்கு, டீச்சர்.
தண்ணியை மட்டுந்தான் எடுத்துட்டுப் போனாங்களா?"
நல்ல கேள்வி, என்றேன்.
பதில் தெரியாதபோது நாங்கள் சொல்வது அதைத்தான்.

அடுத்த வரியில் 'எதிரி' வர வேண்டும்.
சாக்பீஸை எடுத்துவிட்டேன்.
அப்போதுதான் எமெதேரியா,
வருகைப் பதிவுக்குக்கூடத் தலையை மட்டும் ஆட்டுகிறவள்,
எழுந்து நின்றாள்.
"கடல் தொலையலை.
எங்கம்மா இக்கிக்கேயில
அதுக்கு எதிர்லதான் ஓட்டல் துணி துவைக்கிறாங்க.
ராத்திரி போன்ல அதுவும் பேசும்."

எப்படிப் பேசும்?
வகுப்பே திரும்பியது.
உதட்டருகே உள்ளங்கையைக் குவித்து
அவள் சொன்னாள்:
உஷ்ஷ்ஷ்...
நிறுத்தி, மூச்சு வாங்கி,
உஷ்ஷ்ஷ்...

நான் வகுப்பை அடக்கும் சத்தம் அது.
பழக்கத்தில் எல்லோரும் வாய் மூடிக்கொண்டார்கள்.
பிறகு ஒவ்வொருவராக அவர்களும்.
ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது,
அல்லது லாரி ஏதாவது போயிருக்கலாம்.
அந்த வரியை எழுதவில்லை.
இன்ஸ்பெக்டருக்குக் காட்டும் குறிப்பேட்டில் மட்டும்
எழுதியிருக்கிறேன், அழகான கையெழுத்தில்.

ஊர்வலத்தன்று சதுக்கத்தில் ஒரே ஊதுகுழல்.
தலைக்குத் தலை காகிதக் கப்பல்.
லதிஸ்லாவோவுக்கு நீலம் கிடைக்காமல்
சிமென்ட் பையில் செய்த கப்பல்,
அதுதான் மிடுக்காக நின்றது.
வரிசை நகரும் நேரத்தில்
வாரா என் விரல்களைப் பிரித்து
வியர்த்த நாணயம் ஒன்றை வைத்தாள்.
"அவங்க கட்டலைன்னா நான் கட்டறேன்.
குடுத்துட்டு வாங்கிட்டு வாங்க."

மூட்டைகள் எத்தனை என்று
அவளுக்கு நான் சொல்லவில்லை.
இடம்விட்டு அசையாமல் நின்றாள்.
பின்னாலிருந்த வரிசை அவள்மேல் மோதியது.
"என்ன?"
"ரசீது."

பேருந்து டிக்கெட்டின் பின்புறம் எழுதினேன்:
கடலுக்காக, பத்துக் காசு,
பெற்றுக்கொண்டேன்.
தேதி. என் கையெழுத்து.
எழுத்துக் கூட்டி இருமுறை படித்துப் பார்த்து,
நாலாய் மடித்துத்
தன் கப்பலுக்குள் செருகிக்கொண்டு
ஓடினாள்.

தெற்கே வானம் கறுத்திருந்தது.
காகிதத்துக்கு ஆகாத மழை.