கடலுக்கு அடியில் பதினோரு நிமிடம்

கப்பலின் கடைசி நாளன்று கேக் வெட்டினோம்.
ஃபரோ தீவுகளில் எதற்கும் கேக் உண்டு;
பெயர் சூட்டுவதற்கும் புதைப்பதற்கும்
அதே ருபார்ப் ஜாம்தான்.
பத்தொன்பது வருடம் டிக்கெட் கிழித்த கையில்
ஒரு தட்டைத் திணித்து
"இனி உனக்கு நிம்மதி, மார்யுன்" என்றார் கேப்டன் ஹைனி.
அவர் சொல்லி முடித்த நொடியில்தான்
அது என்னிடமிருந்து இறங்கிப் போயிருக்க வேண்டும்.

புது வேலை அக்கரையில், மீன் ஆலையின் கணக்குப் பிரிவில்.
போக வர இப்போது சுரங்கம்.
துண்டறிக்கையில் படம் போட்டிருந்தார்கள்:
மேலே நீலம், நடுவே கரும்பாறை,
அதற்கும் கீழே நூல் போல ஒரு சாலை.
அந்த நூலில் நான் கோக்கப்பட வேண்டும்,
திங்கட்கிழமை காலை ஏழரைக்கு.

முன்னால் போன மீன் லாரியை மலை விழுங்கியது.
நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.
ஓரங்கட்டினேன்.
ஆலைக்கு போன் செய்து காய்ச்சல் என்றேன்.
செவ்வாயும் காய்ச்சல்.
புதன், பல்வலி.
பொய்கள் தீரும் வேகத்தைப் பார்த்துத்தான்
டாக்டரிடம் போனேன்.

நாலு எண்ணி மூச்சை இழு, ஆறு எண்ணி விடு.
சமையலறையில் அழகாக வந்தது.
சுரங்க வாசலில்
நாயைக் கண்ட ஆடுகளாக
எண்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடின.

இரவுகளைப் பற்றி டாக்டர் கேட்டார். சொல்லவில்லை.
கப்பலை யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.
துறைச்சுவரில் டயர்கள் மட்டும்
இடிக்க எதுவும் இல்லாமல் தொங்குகின்றன.
உடம்புக்கு இந்தத் தகவல் போய்ச் சேரவில்லை;
ஐந்தே முக்காலுக்கு எழுந்து பூட்ஸைத் தேடுகிறது.
இதே குளிர்காலத்தில்தான் ட்ரோந்துரும் நானும்
இருபத்திரண்டு வருடப் பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டோம்.
சண்டை இல்லை. பெரிய வாணலி அவனுக்கு.
ஆகவே நெஞ்சு அடித்துக்கொள்ளும்போது
அது எதற்கான அடி என்று
எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

மறு வாரம், மழை.
கைக்குட்டைக்காகப் பழைய கோட்டின் பையில் கைவிட்டேன்.
டிக்கெட் ரோல். ஒப்படைக்க மறந்தது.

பயப்படும் பயணிகளுக்கு என்னிடம் ஒரு தந்திரம் இருந்தது.
நடுக்கடலில் நீரோட்டங்கள் மோதும் இடத்தில்
முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பார்கள்.
அருகில் போய் இன்னொரு டிக்கெட் கிழித்துக் கொடுப்பேன்:
"இதைப் பத்திரமாக வைத்திருங்கள்,
இறங்கும்போது கேட்பேன்."
ஒருநாளும் கேட்டதில்லை.
ஆனால் எல்லோரும் அதை இறுகப் பிடித்திருந்தார்கள்;
கரை வந்ததும் நனைந்த காகிதத்தை நீட்டினார்கள்,
சிலர் கொஞ்சம் வெட்கத்தோடு.

ஒன்று கிழித்தேன்.
ஸ்டீயரிங்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே செருகினேன்.
"இறங்கும்போது கேட்பேன்" என்று சத்தமாகச் சொன்னேன்,
வேலை நேரத்துக் குரலில்.

உள்ளே ரேடியோ செத்தது. விளக்குகள், விளக்குகள்.
மூன்றாம் நிமிடம்: தலைக்கு மேலே நீர்க்காகப் பாறை.
ஐந்தாம் நிமிடம்: இங்கேதான் காபி சிந்தும்.
சாலை சரிந்துகொண்டே போய் அடியைத் தொட்ட இடத்தில்
எனக்குத் தெரிந்த நீரோட்டங்கள் எல்லாம்
எனக்கு மேலே மோதிக்கொண்டிருந்தன.
அழுதேன். வேகத்தைக் குறைக்கவில்லை.
பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது; குறைத்திருப்பேன் போலிருக்கிறது.

அக்கரையில் யாரும் டிக்கெட் கேட்கவில்லை.
நானே வாங்கி நானே போட்டேன், வண்டியின் முன்பெட்டியில்.

இப்போது நாற்பத்து மூன்று சேர்ந்திருக்கிறது.
போன வெள்ளி வாசல்வரை போய்த் திரும்பினேன்,
கிழித்ததை என்ன செய்வதென்று தெரியாமல்
மென்று துப்பினேன்.
ரோல் மெலிந்துகொண்டு வருகிறது.
அது தீரும் நாளை நினைத்தால்
வயிற்றில் புளி கரைகிறது.
முன்பு போல அல்ல;
ஒரு கோலி அளவுப் புளி.