பேனை உடைந்த நீலம்

தர்மினி அக்கா கொண்டுவந்தது
விரலகலச் சீலைத் துண்டு ஒன்று.
சட்டைக்கு வெட்டின மிச்சம்,
ஓரத்தில் சரிகை ஒரே நூல்.
"இதே சிவப்பு, தங்கச்சி. றோஸ் ஆகக்கூடாது.
போன மாதம் கோண்டாவிலிலை ஒரு சாமத்தியவீடு,
கேக் ஒரு நிறம், சீலை ஒரு நிறம்.
வீடியோக்காரனே சிரிச்சவன்."

தலையாட்டினேன்.
சிவப்பின் பிடிவாதம் அவவுக்குத் தெரியாது.

வெள்ளையில் விட்டால் முதலில்
கைக்குழந்தையின் உள்ளங்கால்.
இன்னும் கொஞ்சம்,
கொய்யாப்பழத்தின் உள்.
இன்னும் கொஞ்சம், செம்பரத்தை,
அதுவும் பின்னேரம் வாடினது.
அங்கே குந்திவிடும். பிறகு அசையாது.
போத்தலில் பாதி போயிருக்கும்.
ஆத்திரத்தில் மிச்சத்தையும் கவிழ்த்தால்
நிறம் வரும்,
நாக்கில் வேப்பங்காயும் வரும்.
மானிப்பாயில் ஒரு மாப்பிள்ளை
மாலையும் கழுத்துமாய் முகம் சுளித்ததில்
படித்த பாடம்.

ஆகவே உருகும்போதே கொடுக்கவேண்டும்.
கொதிநீருக்கு மேலே கிண்ணம்,
மார்ஷ்மெலோ தன் உருவம் மறந்து
பிசினாய் இழுபடுகிற இரண்டு நிமிடம்.
ஈர்க்கு நுனியால் அள்ளி, அள்ளி, அள்ளி.
ஐசிங் சீனி வந்து சேர்ந்தபிறகு
என்ன சொன்னாலும் அதற்குக் காதில் ஏறாது.

(மச்சமில்லாத மார்ஷ்மெலோ.
அவ இரண்டு தரம் கேட்டவ.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் வந்தது,
விலையை நான் ஒரு தரம்தான் சொன்னேன்.)

மாஜரின் தடவின கையால் பிசைகிறேன்.
கறண்ட் போகிறது.
காற்றாடி சுழன்று சுழன்று ஓய,
மாவுக்கும் எனக்கும்
ஒரே நேரத்தில் வியர்க்கிறது.
அப்போதுதான் போன்.

"அன்ரி, அம்மாட்டைச் சொல்லாதேங்கோ."
கம்சாயினி.
பதின்மூன்று வயது, அறைக்குள் பத்தாம் நாள்.
"எனக்குச் சிவப்பு வேண்டாம்.
சீலை, வளையல், பூ, பொட்டு
எல்லாம் அதுதான்.
நீலம் போடேலுமோ?"

என்ன நீலம், கடல் நீலமோ?

"சீ. சோதினை எழுதேக்கை
பேனை வாயிலை உடைஞ்சா வருமே,
அது."

காசு தந்தது தாய்.
மெழுகுதிரி வெளிச்சத்தில்
கொஞ்சநேரம் சும்மா நின்றேன்.
பிறகு இன்னொரு கிண்ணம் எடுத்தேன்.

நீலம் சிவப்புப்போல இல்லை.
கூப்பிட முதலே வந்து நிற்கும்.
ஊசிமுனை அளவு போதும்.
நான் கரண்டியால் போட்டேன்.

இரண்டையும் பொலித்தீனில் சுற்றி
டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டுப் படுத்தேன்.

விடிய ஐந்து மணி.
யாரும் தொடாமலே
சிவப்பு ஒரு படி கீழே இறங்கியிருந்தது.
சீலைத் துண்டை மேலே வைத்தேன்.
துண்டைக் காணவில்லை,
சரிகை நூல் மட்டும் மிதந்தது.

கேக்கின்மேல் முதலில் நீலத் தோல், மெல்லிசாய்.
அதன்மேல் சிவப்பு.
மூடி மடித்துத் தடவிவிட
ஒரு பொட்டு நீலம் வெளியே தெரியவில்லை.

கரைக்கு மஞ்சள் கேட்டவ.
சிவப்பும் மஞ்சளும்.
இந்த ஊரில் இரண்டையும் பக்கத்தில் வைக்கமுதல்
கை ஒருக்கா நின்று யோசிக்கும்.
பொன்தூள் பூசிவிட்டேன்.
ஏன் என்று அவவும் கேட்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் படம் வந்தது.
சிவப்பு மண்டபம், சிவப்புக் கதிரை, சிவப்புச் சீலை,
கத்தி இறங்கின இடத்தில்
நீலமாய் ஒரு கீறல்.
அடுத்த படத்தில் பெரியப்பாவின் பல் நீலம்.
சின்ன மாமியின் உதடு நீலம்.
வீடியோக்காரன் நாக்கை நீட்டித்
தானே தன்னை எடுத்திருக்கிறான்.
நடுவில் கம்சாயினி,
மாலை ஒரு பக்கம் சரிய,
வாய் நிறையப் பேனை உடைந்த சிரிப்பு.

தர்மினி அக்காவின் குரல் பதிவு, ஏழு விநாடி:
"என்ன தங்கச்சி செய்து வைச்சிருக்கிறீர்?"
மிச்சம் ஐந்து விநாடியும்
பின்னால் யாரோ விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம்.
அவவும்தானோ தெரியவில்லை.
மிச்சக் காசு இன்னும் வரவில்லை.

தேசிக்காய், உப்பு, சவர்க்காரம்
எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று.
இடதுகை நகக்கண்ணில் சிவப்பு,
வலதில் நீலம்.
புதன்கிழமை கொழும்புத்துறையில்
யாருக்கோ கறுப்பு வேணுமாம்.
அதைக் கொக்கோவில் இருந்துதான்
தொடங்கவேண்டும்.