மற்றவை

கணக்கெடுப்புக்குக் கொடுத்த போனில்
ஒவ்வொரு மாட்டுக்கும் ஏழு கேள்வி.
இனம், பல், பால், சினை, காதுவில்லை, காப்பீடு,
கடைசியில் பயன்:
உழவு, பால், இனவிருத்தி, மற்றவை.
ஒன்றைத்தான் தொட முடியும்.

அணைக்கட்டுப் பக்கத்தில் தேசிங்கு
தன் காளைக்கிட்டேயே விடவில்லை என்னை.
பேர் புல்லட். போன தையில்
எட்டு நொடி நாற்பதில் தெருவைக் கடந்தது.
பரிசாக வந்த பைக்குக்கு இன்னும் நம்பர் வாங்கவில்லை.
தினம் ஆறு முட்டை, பேரீச்சை.
உழவா என்றேன்.
“இன்னாக்கா, ஏரைக் கண்டா அது சிரிக்கும்.”
மற்றவை.

துளசிங்கத்துக்கு நாலு பல்லில் ஒரு ஜோடி.
வலத்தான் மட்டும் கணக்கில் வேண்டாம் என்றார்,
செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தைக்குப் போகிறதாம்.
துண்டுக்கடியில் யாரோ விரலைப் பிடித்து
விலை சொல்கிற வரைக்கும் அது அவருடையது.
“அதுக்கப்புறம் எங்க போச்சுனு கேக்காதம்மா,
நானே கேக்கறதில்ல.”
இரண்டு என்றே பதிந்தேன்.
இன்றைக்குத் திங்கள்தானே.

அகராதியில் மாடு என்றால் செல்வம்.
சத்துவாச்சாரியில் என் வீட்டு ஓனர்
மகனை மாடே என்றுதான் எழுப்புகிறார்.
மேல்மாடி கட்டி முடித்த அன்று
வாடகைப் பசு ஒன்றைப் படியேற்றினாராம்.
ஏறிவிட்டது. இறக்க நாலு பேர், ஒரு சாக்கு வைக்கோல்.
அது குளம்பு வைத்த சமையலறையில்தான்
ஞாயிறுதோறும் ஜன்னலைச் சாத்திக்கொண்டு
குக்கர் வைக்கிறேன் நான்.
ஏழாவது விசிலில் கீழேயிருந்து குரல் வரும்:
மட்டனுக்கா இவ்வளவு நேரம்?
முத்தின ஆடுங்க சார்.

பேரணாம்பட்டுக் கடையில் அது பெரிய கறி.
காலேஜ் ஹாஸ்டலில் பீஃப்.
அம்மா வீட்டில் வெறும் கறி.
ஆட்டுக்கும் கோழிக்கும்தான் அங்கே
முன்னால் ஒரு சொல் ஒட்டவேண்டும்.

காலனிக்குள் போகும்போது மணி ரெண்டு.
என் கழுத்து அட்டையைப் பார்த்ததும்
ஏகவல்லி கொடிக்கயிற்றுக்கு ஓடி
பள்ளிக்கூடச் சட்டைக்குப் பக்கத்தில் தொங்கியதன்மேல்
ஈரத் துண்டை விரித்தாள்.
“துணி காயுதும்மா.”
துண்டுக்குக் கீழே
செவலைப் பசு கழுத்தை எக்கி
சொட்டிக் கிடந்த உப்பை நக்கிக்கொண்டிருந்தது.

மஞ்சள் பத்தலைங்க, ஈ மொய்க்கும் என்றேன்.
கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள்.
அப்புறம் துண்டை எடுத்து
முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

பயன்?
“இன்னா இன்னா கீது, படி.”
படித்தேன்.
“போன வருசம் இவதான் பெரியவன் பீஸு.
அதுக்கு முன்ன என் மூக்குத்திய மூட்டா.
சாணி. ராத்திரி கரண்ட் போனா பேச்சுக்கு ஒருத்தி.
பாலும் குடுப்பா, எழுதிக்கோ.”
எதையும் தொடாமல் நின்றேன்.
போன் இருட்டாகி, என் முகம் தெரிந்தது.

சாயங்கால பஸ்ஸில் மடியில் ஒரு பொட்டலம்,
தினசரித்தாளில் சுற்றி, எண்ணெய் இறங்கி.
பக்கத்து சீட்டம்மா மூக்கைச் சுளிக்கவில்லை,
ஆசையாகத்தான் கேட்டாள்: கருவாடா?
இல்லை என்றேன்.
அப்புறம் இன்னா?

ஊசூர் வந்து பாதி பஸ் இறங்கியது.
அவள் இறங்கவில்லை,
என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.