மூச்சை எண்ணும் வகுப்பு

ஓல்டன் மருத்துவமனை, நான்காம் மாடி.
பழைய துணிக்கிடங்குக்கு இப்போது பெயர்
‘அமைதி அறை’.
சலவை விரிப்பு வாசனை இன்னும் போகவில்லை.
இரவுப்பணி முடிந்த கையோடு
காலுறையுடன் பாயில் கிடக்கிறோம் ஐந்து பேர்.

மூச்சை எண்ணுங்கள் என்கிறாள் மார்லீஸ்.
சம்பளத்தோடு அரைமணி நேரம்.

எண்ணினேன்.
மூன்றரை மணிக்கு
ஏழாம் கட்டில் ஸ்டக்கியுடையதையும்
இப்படித்தான் எண்ணிக்கொண்டிருந்தேன்,
நிமிடத்துக்குப் பன்னிரண்டு, எட்டு, ஐந்து.
பிறகு
என் கைக்கடிகாரம் மட்டும்.

நான்கில் நின்றுவிட்டேன்.
மார்லீஸ் ஒன்றும் சொல்லவில்லை.
சன்னலுக்கு வெளியே ஆரே ஆற்றைக் காணோம்,
பனிமூட்டம்.

பக்கத்துப் பாயில் டாக்டர் யெலேனா
குறட்டை விட்டாள்.
யாரோ சிரித்தார்கள்.
நான் அதை எண்ணத் தொடங்கினேன்.

போகும்போது ஒரு படிவம்:
பயனிருந்ததா, பத்துக்கு எத்தனை?

நாற்பது என்று எழுதினேன்.